ரோட்டில் கிடந்த கல் காரின் அடியில் அடித்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? முழுமையான வழிகாட்டி

கிடைக்கும். ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், ரோட்டில் கிடந்த கல்லோ, லாரி டயர் துண்டோ, இரும்புக் கம்பியோ காரின் அடிப்பாகத்தில் அடித்து உண்டாகும் சேதம் விபத்துச் சேதம்தான். அதற்கு கிளைம் உண்டு. ஆனால் அடி விழுந்த பிறகும் வண்டியை ஓட்டிக்கொண்டே போனதால் கூடிய சேதத்துக்குக் கிடையாது. இருபது, முப்பதாயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்தைத் தாண்டுவதும், அந்த லட்சம் நம் கையிலிருந்தே போவதும் பெரும்பாலும் இதனால்தான். அதனால் கிளைம் ஃபாரத்தைவிட, அடி விழுந்த முதல் பத்து நிமிடத்துக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது எல்லாம் இந்தியாவில் சொந்தக் காருக்கு எழுதப்படும் பாலிசிகளைப் பற்றி. டாக்ஸிக்கும் லாரிக்கும் சில விதிகள் மாறும்.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மட்டுமே. அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்பைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் காருக்கு ஒரு ரூபாய் தராது. அடிப்பாகச் சேதத்துக்குப் பணம் வர வேண்டுமென்றால் பாலிசியில் ‘ஓன் டேமேஜ்’ (சொந்த வண்டிச் சேதத்துக்கானது) பகுதி இருக்க வேண்டும், அது இன்றைய தேதியில் உயிரோடும் இருக்க வேண்டும்.

தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் சேர்த்து எழுதப்படுகிறது. ‘மூன்று வருடத்துக்குக் கட்டியாச்சு’ என்று நிம்மதியாக இருப்பவர்களின் ஓன் டேமேஜ் முதல் வருடத்தோடு முடிந்து போயிருக்கும். பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனித் தேதி போட்டிருக்கும். இரண்டையும் பாருங்கள். ஓன் டேமேஜ் மட்டும் முடிந்திருந்தால் அதைத் தனிப் பாலிசியாக எடுக்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

அடுத்து, முதல் பிரிவில் எந்தெந்தக் காரணத்தால் வரும் சேதத்துக்குப் பணம் தருவார்கள் என்ற பட்டியல் இருக்கும். தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம், நிலச்சரிவு என்று போகும் அந்தப் பட்டியலில் ‘விபத்தாக, வெளியிலிருந்து நேர்ந்த காரணம்’ என்று ஒரு வரி உண்டு. ரோட்டில் கிடந்த கல் அந்த வரிக்குள்தான் வருகிறது. பள்ளத்தில் இறங்கி அடித்ததும், அடையாளம் எதுவும் இல்லாத வேகத்தடையில் வயிறு தட்டியதும் அதே வரிக்குள் வரும். எதிரே இன்னொரு வண்டி வந்து மோத வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை.

தராதவற்றின் பட்டியலும் அதற்கடுத்தே இருக்கும். தேய்மானம், பழகிப்போன பாகங்களின் தேய்வு, தானாக வந்த மெக்கானிக்கல் கோளாறு, ஒரு சேதத்தின் விளைவாகத் தொடர்ந்து வந்த இழப்பு, இவை கிடையாது. வேறு சேதம் இல்லாமல் டயர் மட்டும் கிழிந்திருந்தால் அதற்கும் கிடையாது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி வரும். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால், சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டிருந்தால் முழு கிளைமும் போய்விடும்.

அடி விழுந்ததும் செய்ய வேண்டியது

நம் நெடுஞ்சாலைகளில் அடியில் அடிப்பது பெரும்பாலும் சின்னக் கல் இல்லை. வழியில் நின்றுபோன லாரிக்கு டயர் அடியில் முட்டுக் கொடுக்கப் பெரிய கல்லைத் தூக்கி வைப்பார்கள். ரிப்பேர் முடிந்து கிளம்பும்போது கல் அங்கேயே கிடக்கும். இரவில், எதிர் வெளிச்சத்தில், ரோட்டின் நிறத்திலேயே கிடக்கும் அந்தக் கல் பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். ரீட்ரெட் செய்த டயரிலிருந்து பிய்ந்து விழும் நீளமான ரப்பர் பட்டையும் அப்படித்தான். வெறும் ரப்பர் என்று பார்க்கத் தோன்றும். ஆனால் உள்ளே கம்பியும் இருக்கக்கூடிய கனமான பட்டை அது; ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், பிரேக் பைப் எதையும் அறுக்கும்.

சத்தம் கேட்டதும் திடீரென்று பிரேக் போடாதீர்கள். பின்னால் வருவதைப் பார்த்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்குங்கள். டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நியூட்ரலில் உருட்டியே ஓரம் கட்டுங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகு எஞ்சினை அணையுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். விளக்கு எதுவும் எரியாவிட்டாலும் நிறுத்திப் பார்க்காமல் போகக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் மெக்கானிக்குகள் சொல்லும் ஆயில் சேம்பர். சின்னக் கார்களில் ஏறக்குறைய மூன்று, நான்கு லிட்டர் ஆயில் அதில் இருக்கும். ஆயில் பம்ப் அங்கிருந்து உறிஞ்சி கிராங்க், கேம், பேரிங் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. பல கார்களில் சேம்பர் அலுமினிய வார்ப்பு. கல் அடித்தால் நெளியாது, விரிசல் விடும். ஆயில் ஒழுகித் தீர்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் காய்ந்து சூடேறி கிராங்கைக் கவ்வும், எஞ்சின் சீஸ் ஆகும், அதாவது இறுகி நின்றுவிடும். அதற்குச் சில நிமிட ஓட்டம் போதும்.

தகரச் சேம்பராக இருந்தால் உடையாமல் உள்வாங்கும். ஒழுகவே இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது. சேம்பரின் அடித்தட்டுக்குச் சற்று மேலேதான் ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியின் வாய் இருக்கிறது. தட்டு மேலே நெளிந்து அந்த வாயை அடைத்தால், சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் எஞ்சினுக்கு ஏறாது.

எஞ்சினை அணைத்த பிறகு வண்டியின் அடியில் போனை நீட்டி, விளக்கைப் போட்டு வீடியோ எடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு நீங்கள் அடியில் தலையை விடவே கூடாது. சொட்டுவது என்ன என்று பாருங்கள். நிறமில்லாமல், வாசனை இல்லாமல் சொட்டினால் ஏசி தண்ணீராக இருக்கும், பயமில்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு, ரோஸ் நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் மெலிதாக ஒழுகினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை ஒரு அடி கூட நகர்த்தக் கூடாது. பெட்ரோல் வாடை வந்தால் எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்க வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாலிசி நிபந்தனைகளில் ஒன்று இங்கேதான் வந்து நிற்கிறது: விபத்துக்குப் பிறகு, தேவையான ரிப்பேரைச் செய்யாமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் முழுக்க வண்டிக்காரரின் பொறுப்பு. சேம்பருக்குப் பணம் தருவார்கள். சீஸ் ஆன எஞ்சினுக்கு இந்த வரியைக் காட்டுவார்கள். இன்றைய கார்களில் எப்போது அணைத்தோம், விளக்கு எப்போது எரிந்தது என்பதெல்லாம் கணினியில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ‘பக்கத்தில்தான் பெட்ரோல் பங்க், அதுவரை மெதுவாகப் போய்விடலாம்’ என்ற நினைப்பு வரும். போகாதீர்கள்.

ஆதாரம் சேர்ப்பது

பாதுகாப்பாக நிற்க முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இரவில் நெடுஞ்சாலையில் படம் எடுப்பதற்காக ரோட்டுக்குள் இறங்கக் கூடாது. எந்த கிளைமும் அவ்வளவு மதிப்புள்ளது இல்லை.

அடித்த பொருள் அங்கேயே கிடந்தால் அதன் படம், அதோடு சேர்த்து உங்கள் வண்டி தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம், ரோட்டில் ஆயில் கோடு விழுந்திருந்தால் அது, வண்டியின் அடிப்பாகம், நம்பர் பிளேட், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், எரியும் எச்சரிக்கை விளக்குகள், பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல். போனில் லொக்கேஷனை ஆன் செய்துவிட்டு எடுத்தால் இடமும் நேரமும் படத்தோடு பதியும். டேஷ்கேம் இருந்தால் அந்தக் காட்சியை உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள். மெமரி நிறைந்ததும் பழையதன் மேலேயே பதிவாகும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். சுங்கச்சாவடியோடு இயங்கும் ரோந்து வண்டி வரும், ரோட்டில் கிடப்பதை அப்புறப்படுத்துவார்கள், தேவைப்பட்டால் கிரேனும் வரும். அந்த அழைப்புக்குக் கிடைக்கும் புகார் எண் உங்களுக்கு ஒரு நல்ல ஆதாரம். பின்னால் வரும் அடுத்த வண்டி அதே கல்லில் ஏறாமல் இருக்கும் என்பது அதைவிட முக்கியம்.

யாருக்கும் காயமில்லை, அடுத்தவர் பொருளுக்குச் சேதமில்லை என்றால் இந்த மாதிரி கிளைமுக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்பதில்லை. தடுமாறிப் போய் இன்னொரு வண்டியையோ ஆளையோ இடித்திருந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது

அன்றைக்கே சொல்லுங்கள். இடத்திலிருந்தே போனிலோ ஆப்பிலோ கிளைம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்வது நல்லது. என்ன நடந்ததோ அதை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதன் மேல் ஏறியது, உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்தீர்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. இந்தக் கடைசி இரண்டும் கட்டாயம் பதிவாக வேண்டும்.

சில ஒர்க்‌ஷாப்புகளில் ‘கல்லுன்னு போட வேண்டாம் சார், வேற மாதிரி எழுதிக்கலாம்’ என்பார்கள். இல்லாவிட்டால், ‘அந்தப் பழைய பம்பர் கோடையும் இதிலேயே சேர்த்துடலாம்’ என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். நடந்ததே கிளைமுக்குப் போதுமான காரணம். பொய்யாக எழுதிய ஒரு வரி, உண்மையான சேதத்துக்கு வர வேண்டிய பணத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கிளைம் ஃபாரத்தை வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. அதில் ‘விபத்து நடந்த விதம்’ என்ற இடத்தை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.

வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். சாதாரண பாலிசியில் டோ செலவுக்கு 1,500 ரூபாய் வரை தருவார்கள். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் வழியுதவி வசதி) இருந்தால் அதில் உள்ள தூர வரம்பு வரை இலவசம். முடிந்தால் நான்கு சக்கரமும் தூக்கிய நிலையில் போகும் ஃபிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். அடிப்பாகத்தில் எது நெளிந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் சக்கரத்தை உருட்டி இழுப்பது சேதத்தைக் கூட்டலாம்.

ஒர்க்‌ஷாப்பில்

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள், கழுவவும் விடாதீர்கள். அடிப்பாகத்தை வாட்டர் சர்வீஸ் செய்து பளிச்சென்று நிறுத்திவிட்டால், எது புது அடி எது பழைய அடி என்று சொல்லும் தடயம் தண்ணீரோடு போய்விடும்.

லிஃப்டில் வண்டியைத் தூக்கியதும் நீங்களும் போய்ப் பாருங்கள். புதிதாக அடிபட்ட அலுமினியம் வெள்ளியாக மின்னும். விரிசலின் ஓரம் கூராக இருக்கும். ஒழுகிய ஆயில் இன்னும் ஈரமாக, காற்று வீசிய திசையில் பின்பக்கமாகத் தெறித்திருக்கும். பழைய அடியில் மண் அப்பி, ஆயில் கரி மாதிரி கெட்டியாகி, இரும்பாக இருந்தால் துருவும் ஏறியிருக்கும். சர்வேயர் இதைத்தான் பார்க்கிறார். அடி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதையும் பார்ப்பார்: முன் பம்பரின் கீழ் உதட்டில் கீறல், பிறகு பிளாஸ்டிக் கவர் கிழிசல், பிறகு சேம்பர் விரிசல், பிறகு சைலன்சரில் தட்டு என்று ஒரே நேர்கோட்டில் வந்தால் நீங்கள் சொன்ன கதையை வண்டியே சொல்லிவிடும். இந்தக் கோட்டை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுப்பு வந்தால் இதைவிட வலுவான ஆதாரம் உங்களிடம் இருக்காது.

முதல் எஸ்டிமேட்டில் கண்ணுக்குத் தெரிந்ததுதான் இருக்கும். சேம்பரைக் கழற்றினால்தான் வடிகட்டி நெளிந்ததா, பம்ப் அடிபட்டதா என்று தெரியும். அப்படிப் புதிதாகத் தெரிய வருவதைத் துணை எஸ்டிமேட்டாகக் கொடுத்து, சர்வேயரின் அப்ரூவல் வாங்கிய பிறகே மாற்ற வேண்டும். லோயர் ஆர்ம், கிராஸ் மெம்பர், ஸ்டியரிங் ராடு, கியர்பாக்ஸ் உறை, ஃபியூவல் பைப், ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ‘அன்றைக்கு அடித்ததுதான் இதுவும்’ என்று போனால் ஏற்க வைப்பது கஷ்டம். தனி கிளைமாகப் போடச் சொன்னால் ஒவ்வொரு கிளைமிலும் கம்பெனி கழிக்கும் பிடித்தம் இன்னொரு முறை போகும்.

அலுமினிய விரிசலுக்கு ‘ஆர்கான் வெல்டிங் வைத்தால் போதும், புதுசு வேண்டாம்’ என்று சர்வேயர் சொல்லலாம். சாதாரண விரிசலுக்கு நல்ல வெல்டர் கையில் அது நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் டிரெயின் போல்ட் மரையைச் சுற்றியோ, கேஸ்கெட் உட்காரும் விளிம்பிலோ விரிசல் என்றால் என் கருத்தில் புதுசுதான் சரி. வெல்டிங் சூட்டில் விளிம்பு கோணினால் கசிவு நிற்காது. ஒர்க்‌ஷாப்பிடம் ‘வெல்டிங்குக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது’ என்று எழுதி வாங்கி சர்வேயரிடம் கொடுத்தால் பேச்சு சுலபமாகும்.

கொடுக்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை: ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, கிளைம் ஃபாரம், எஸ்டிமேட், அடையாளச் சான்று. கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இல்லாத ஒர்க்‌ஷாப் என்றால் பில்லும் பணம் கட்டிய ரசீதும் வங்கி விவரமும் சேரும். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் கொண்டுவந்த விதிப்படி, கிளைம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் இந்தக் கெடுவைக் குறிப்பிட்டு ஈமெயில் போடுங்கள்.

எவ்வளவு வரும்

பாகங்களின் விலையில் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகம், டயர், பேட்டரிக்கு வண்டியின் வயது என்னவானாலும் 50 சதவீதம். உலோகப் பாகத்துக்கு வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வருடம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். லேபருக்குத் தேய்மானம் இல்லை. எஞ்சின் ஆயில், கூலண்ட், நட்டு போல்ட், சீலண்ட் போன்ற செலவாகும் பொருட்களுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது. கடைசியில் கட்டாயப் பிடித்தம்: 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிரீமியம் குறைய வேண்டும் என்று தன்னிச்சைப் பிடித்தம் ஒப்புக்கொண்டிருந்தால் அதுவும் கழியும்.

கணக்குப் புரிய ஒரு உதாரணம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. மூன்றரை வயதுள்ள 1200 சி.சி. கார். அலுமினியச் சேம்பர் 14,000, அடியில் உள்ள பிளாஸ்டிக் கவர் 4,000, ஆயிலும் சீலண்டும் 4,500, லேபர் 6,000. மொத்தம் 28,500 ரூபாய். சேம்பருக்கு 25 சதவீதம் போக 10,500, கவருக்குப் பாதி 2,000, ஆயிலுக்கு ஒன்றுமில்லை, லேபர் முழுதாக 6,000. கூட்டினால் 18,500, பிடித்தம் போக 17,500 வரும். மிச்சம் 11,000 உங்கள் கைக்காசு. ஜீரோ டெப்ரிசியேஷனும் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) கன்ஸ்யூமபிள்ஸ் கவரும் (செலவாகும் பொருட்களுக்கான ஆட்-ஆன்) இருந்திருந்தால் 27,500 வந்திருக்கும். சில புதிய எஞ்சின்களில் சேம்பரே பிளாஸ்டிக்; அப்படியானால் அதற்கும் பாதிதான், ஜீரோ டெப் இல்லாவிட்டால்.

எந்த ஆட்-ஆன் உண்மையில் உதவும்

‘பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், எல்லாம் வரும்’ என்று நம்புபவர்கள் நிறையப் பேர். அது ஜீரோ டெப்ரிசியேஷன்தான். தேய்மானம் கழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சீஸ் ஆன எஞ்சினை அது காப்பாற்றாது. பல கம்பெனிகளில் வருடத்துக்கு இத்தனை கிளைம்தான் என்ற வரம்பும் அதற்கு உண்டு.

அடிப்பாகத்துக்கு முக்கியமானது எஞ்சின் புரொடெக்டர். மழைத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் வரும் சேதத்துக்கு என்று சொல்லித்தான் இதை விற்பார்கள். ஆனால் பல பாலிசிகளில், விபத்தில் சேம்பர் அல்லது கியர்பாக்ஸ் அடிபட்டு ஆயில் ஒழுகியதால் உள்பாகங்களுக்கு வந்த சேதமும் இதில் சேரும். உங்கள் பாலிசியில் ‘ஆயில் கசிவு’ பற்றிய வார்த்தை இருக்கிறதா, வெளியில் அடிபட்ட அடையாளம் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றெல்லாம் படித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் என்று எழுதியிருந்தால், ரோட்டுக் கல்லுக்கு அந்த ஆட்-ஆனால் பயனில்லை. இது இருக்கிறது என்பதற்காக, விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிவிட்டு கிளைம் கேட்க முடியாது. சேதத்தைக் கூட்டிக்கொண்டதற்கு அங்கேயும் கதவு அடைபடும்.

தாழ்வான கார் வைத்துக்கொண்டு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்டர், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் மூன்றையும் எடுங்கள் என்பேன். கன்ஸ்யூமபிள்ஸ் விலை குறைவாகக் கிடைத்தால் சேர்க்கலாம்.

எலக்ட்ரிக் காரில் ஆயில் சேம்பர் இல்லை. ஆனால் காரிலேயே விலை கூடிய பாகமான பேட்டரி பேக் தரைக்கடியில்தான் படுத்திருக்கிறது. உறையில் பள்ளம் விழுந்தாலோ, எச்சரிக்கை விளக்கு வந்தாலோ சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள், பேஸ்மென்ட்டில் நிறுத்தாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு டோ செய்துதான் அனுப்ப வேண்டும். பேட்டரிக்குத் தேய்மானம் எப்படிக் கழிப்பார்கள், அடியில் அடிபட்டால் முழு பேக்குக்கும் பணம் உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிளைம் போடலாமா, கைக்காசிலேயே முடிக்கலாமா

கிளைம் வாங்கினால் நோ கிளைம் போனஸ் (என்.சி.பி.) என்ற பிரீமியத் தள்ளுபடி பூஜ்யத்துக்குப் போகும். கிளைம் இல்லாத வருடங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிறது. ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கழிகிறது. ஐம்பதில் இருப்பவர் ஒரு கிளைம் வாங்கினால் மறுபடி ஐம்பதைத் தொட, கிளைமே இல்லாமல் ஐந்து வருடம் ஆகும். அந்த இடைவெளியில் இழப்பது முதல் வருடம் 50, அப்புறம் 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால், பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. மேலே பார்த்த உதாரணத்தில் கிளைமாக வந்தது 17,500. அந்தக் கிளைமால் லாபமே இல்லை! போனஸ் இன்னும் 20-இல் இருப்பவருக்கோ, கிளைம் வாங்கினாலும் போனஸைக் காக்கும் என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆன் வைத்திருப்பவருக்கோ கணக்கு வேறு. அவர்கள் தாராளமாகப் போடலாம்.

கிளைமைப் பதிவு செய்துவிட்டு, எஸ்டிமேட் பார்த்தபின் வேண்டாம் என்று தோன்றினால் எழுத்தில் வாபஸ் வாங்குங்கள். பணம் எதுவும் பெறவில்லை, போனஸ் தொடர்கிறது என்று பதிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லாரியிலிருந்து விழுந்த பொருள்தான் என்று கண்ணால் பார்த்து, நம்பரும் வீடியோவும் இருந்தால், அந்த லாரியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மேல் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் கேட்க வழி உண்டு. போலீஸ் பதிவு, வக்கீல், காலம் எல்லாம் வேண்டும். சேம்பர் அளவுக்கான சேதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரோட்டைப் பராமரிக்காதவர்களுக்கு அபராதம் போடும் 198ஏ பிரிவு, உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால்தான் பொருந்தும். வண்டிச் சேதத்துக்கு உதவாது.

மறுத்துவிட்டால்

மறுப்புக்கான காரணத்தையும் பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். வழக்கமாக வரும் காரணங்கள் மூன்று. ‘பழைய சேதம், துரு’ என்றால் லிஃப்டில் எடுத்த வீடியோவும் சம்பவ இடத்துப் படங்களும் பதில். ‘மெக்கானிக்கல் கோளாறு’ என்றால், சேம்பரில் வெளி அடி தெரிகிறதே, அந்த அடி இல்லாமல் ஆயில் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டு, ஒர்க்‌ஷாப்பின் டெக்னிகல் குறிப்பை இணையுங்கள். ‘தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதம்’ என்றால் 1033-க்கு அழைத்த நேரம், டோ வண்டி ஏற்றிய இடம், மீட்டர் கிலோமீட்டர் மூன்றையும் காட்டுங்கள். விபத்து நடந்த இடத்திலேயே வண்டி நின்றது அதில் தெரிந்துவிடும். ஓட்டியது உண்மையென்றால், எஞ்சினை விட்டுவிட்டு முதல் அடியின் சேதத்துக்காவது பிரித்துத் தரச் சொல்லுங்கள். மொத்தமாக மறுக்க அந்த நிபந்தனை இடம் தரவில்லை. ‘கூடிய சேதம்’ என்றுதான் அதில் இருக்கிறது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் பதியலாம், போனில் 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்ப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உரிமை இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது, அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.